பெட்டி குடமாகக் கூடாது

கச்சேரி முடிந்து மண்டபத்துக்கு வெளியே வருகிறவர்கள் பாடகரின் குரலைப் பற்றிப் பேசுவார்கள், வயலினைப் பற்றிப் பேசுவார்கள், தனி ஆவர்த்தனத்தைப் பற்றியும் நாலு சொல் சொல்வார்கள். கூடவே, ‘சவுண்ட் தான் சரியில்லை’ என்ற குறையும் வந்துவிடும். அந்தச் ‘சரியில்லை’யைக் கிண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் கிடப்பது அடிக்குரல்தான். மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பி ‘தோம்’ என்று விழவேண்டிய இடத்தில் ‘பூம்ம்’ என்று இரைகிறது. அந்த இரைச்சல் அடுத்த சொற்கட்டின் மேல் படிகிறது. பாட்டின் வார்த்தைகளையும் மூடிவிடுகிறது. இதற்கு யாழ்ப்பாணத்து மேடைகளில் வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம் இன்னும் பெரிய ஸ்பீக்கர் பெட்டி. பதினெட்டு அங்குலப் பெட்டிகள் இரண்டை மேடையின் இரு பக்கமும் நிறுத்திவிட்டால் தொப்பி தெளிந்துவிடும் என்று நம்புகிறோம். தெளிவதில்லை, இரைச்சல்தான் பெரிதாகிறது. நூறு, இருநூறு பேர் இருந்து கேட்கும் மண்டபத்தில், மரத்தாலும் தோலாலும் ஆன ஒரு வாத்தியத்தின் அடிக்குரலைக் கொண்டுசேர்க்க, ஒரு ஆள் கையில் தூக்கக்கூடிய சின்னப் பெட்டி ஒன்று போதும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். எந்தச் சின்னப் பெட்டி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் வாத்தியத்தையே பார்க்கலாம். வலக்கையரான மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்புறம், அவரைப் பார்த்தபடி அமர்வது வழக்கம். அப்படி அமர்ந்தால் வலந்தலை சபையைப் பார்க்கும். தொப்பி மேடையின் பின்சுவரைப் பார்க்கும். (இடக்கையர்களுக்கு இது தலைகீழ். பழனி சுப்பிரமணிய பிள்ளை அப்படிப்பட்டவர்.) மைக் இல்லாத காலத்தில் இந்த ஏற்பாடு பொருந்தி வந்தது; தாழ்ந்த ஒலி எந்தப் பக்கம் புறப்பட்டாலும் வளைந்து வந்து சேரும். ஆனால் விரல்களும் உள்ளங்கையும் தோலில் படுகிற அந்தக் கணத்தின் கூர்மை வளைந்து வராது. அது நேர்கோட்டில் போய்ப் பின்சுவரில் மோதிச் சிதறும். ஆகவே சபைக்கு இயல்பாகக் குறைந்து கிடைப்பது தொப்பியின் ஆழம் அல்ல, தொப்பியின் தொடக்கம். ஒலிபெருக்கி ஈடுசெய்ய வேண்டியது அதைத்தான். நாம் ஈடுசெய்வதோ ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிற ஆழத்தை. இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் மற்றப் பிழைகள் எல்லாம் கிளைக்கின்றன.

தொப்பியின் நடுவில் ரவையைக் குழைத்து அப்புவது சுருதியை இறக்குவதற்கு. பாரம் கூடினால் தோல் மெதுவாக அதிரும். அந்த அதிர்வு செக்கனுக்கு ஏறத்தாழ நூறு தடவை என்ற அளவைச் சுற்றி நிற்கிறது. வாசிக்க வாசிக்க ரவை காய்கிறது, பாரம் குறைகிறது, சுருதி மெல்ல ஏறுகிறது. நடுவில் ஈரம் தொட்டுச் சரிசெய்கிறார்கள். கும்கி வாசிக்கும்போது மணிக்கட்டின் அழுத்தத்தில் சுருதி வழுக்கிக்கொண்டு போகிறது. அதாவது தொப்பி ஒரே ஓர் ஒலியில் நிற்கிற வாத்தியம் அல்ல; ஓர் எல்லைக்குள் நடமாடுகிற வாத்தியம். சி. வி. இராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழிலும் பின்னர் 1934இல் விரிவாகவும் எழுதிக் காட்டியது வலந்தலையின் கதை: கரணை என்ற கருஞ்சாந்து போட்ட தோலின் கிளை ஒலிகள் முழு எண் விகிதத்தில் ஒழுங்காக அமைந்து, தோல் வாத்தியத்துக்குத் தந்தி வாத்தியத்தின் சுருதிச் சுத்தத்தைத் தருகின்றன. தொப்பியின் பெருமை வேறு. அதன் பெருமை இந்த நடமாட்டம். ஸ்பீக்கர் பெட்டிக்கான முதல் தகுதியும் இதிலிருந்தே வருகிறது. அந்த எல்லைக்குள் எந்த இடத்துக்குத் தொப்பி போனாலும் பெட்டி ஒரே அளவில் ஒலிக்க வேண்டும்.

இங்கேதான் குடம் வருகிறது. வில்லிசை நம் கோயில் வீதிகளில் நன்கு வேரூன்றிய கலை. அச்சுவேலி சின்னமணி என்ற பெயரைக் கேட்டால் ஒரு தலைமுறையே நிமிர்ந்து உட்காரும். அந்த மேடையில் வில்லுக்குப் பக்கத்தில் இருக்கிற மண்குடத்தைக் கவனியுங்கள். வாயில் தட்டினால் எழுகிற ஒலி எவ்வளவு ஆழமானது! அந்த ஒலியலையின் நீளம் குடத்தின் உயரத்தைப் போலப் பல மடங்கு. இவ்வளவு சின்னப் பாத்திரத்திலிருந்து இவ்வளவு பெரிய அலை எப்படி வருகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். உள்ளே அடைபட்ட காற்று வில்சுருள் ஆகிறது. வாயிலுள்ள காற்று அதன் நுனியில் தொங்கும் பாரம் ஆகிறது. உள்ளளவும் வாயின் அகலமும் சேர்ந்து ஒரே ஒரு சுருதியைத் தீர்மானிக்கின்றன. வானொலியின் ஸ்பீக்கரைக் கழற்றி மண்பானை வாயில் கவிழ்த்து வைத்துக் கேட்கும் பழக்கம் ஒருகாலத்தில் இங்கும் தமிழகத்திலும் இருந்தது; பாட்டு திடீரென்று ‘கனத்து’ ஒலிக்கும். கடையில் விற்கும் பெட்டிகளில் முன்பக்கமோ பின்பக்கமோ ஓட்டையோடு ஒரு குழாய் இருக்குமே, அதுவும் இதே குடம்தான். சின்னப் பெட்டியிலிருந்து ஆழமான ஒலியைக் கறப்பதற்கான மலிவான வழி அது.

ஆனால் குடத்தின் குணம் ஒரே சுருதியில் கூவுவது. வாத்தியமாக அது குடத்துக்கு அழகு. மிருதங்கத்தைக் கொண்டுசேர்க்க வந்த பெட்டிக்கு அது குற்றம். அளவு பார்க்காமல் ஓட்டை போட்ட பெட்டியில் எந்தச் சுருதியில் தொப்பி ஒலித்தாலும் பெட்டி தன் சுருதியிலேயே முழங்கும். கும்கி வழுக்கிப் போகையில் ஓரிடத்தில் மட்டும் வீங்கி மற்ற இடங்களில் மெலியும். ‘பேஸ் நல்லா இருக்கு’ என்று கடையில் கேட்டு மயங்குவது பல நேரம் இந்த வீக்கத்தைத்தான். முற்றாக மூடிய பெட்டி இவ்வளவு தாழத்துக்குப் போகாது, ஆனால் போகும் வரைக்கும் சீராகப் போகும். எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 12 டெசிபெல் என்ற கணக்கில் மெதுவாக இறங்கும். ஓட்டைப் பெட்டி எல்லைவரை விறைத்து நின்றுவிட்டு, அதற்குக் கீழே 24 டெசிபெல் கணக்கில் சடாரென்று விழும். அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் சிமோல் எழுபதுகளின் தொடக்கத்திலும் இதற்கான கணக்கை வகுத்துக் கொடுத்தார்கள். இன்று உலகத்தில் ஒழுங்காகச் செய்யப்படும் எந்தப் பெட்டியும் அந்தக் கணக்கின் பிள்ளைதான். கணக்கோடு செய்த ஓட்டைப் பெட்டி நல்ல பெட்டியே. கணக்கில்லாமல் செய்ததைவிட, ஓட்டையே இல்லாதது பாதுகாப்பானது.

‘ஆழம் குறைந்தால் மிருதங்கம் மிருதங்கமாக இருக்குமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் நம் காதுக்குள் இருக்கிறது. ஓர் ஒலியின் அடிச்சுருதியை நீக்கிவிட்டு அதன் கிளைகளை மட்டும் ஒலிக்கவிட்டாலும், கிளைகளுக்கு இடையிலான ஒழுங்கைக் கொண்டு காது இல்லாத அடியைத் தானே கட்டிக்கொள்கிறது. பழைய கம்பித் தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாது. ஆண்குரலின் அடியோ 100, 120 ஹெர்ட்ஸ். ஆனாலும் தொலைபேசியில் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகத்தான் கேட்டது. தென்னையிலும் பனையிலும் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்களும் ஏறத்தாழ அந்த எல்லைக்குக் கீழே ஊமைதான். அவற்றில் கேட்ட சினிமாப் பாட்டுகளின் அடித்தந்தி நகர்வை நாம் தவறவிடவில்லை. தொண்ணூறுகளில் குடாநாடு மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி வானொலி கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். டைனமோ தருவது 3 வாட், ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம். செய்தி மட்டுமல்ல, தவிலும் அதில் தவிலாகத்தான் கேட்டது. (குறைந்த வசதியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை, காது எவ்வளவு வேலையைத் தானே செய்துகொள்கிறது என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறேன்.)

இதே கேள்வியை எங்களுக்கு முன்பே கேட்டு, அறுபது எழுபது வருடம் அடிபட்டு விடை கண்டவர்கள் மேலைநாட்டு டபிள் பேஸ் வாத்தியக்காரர்கள். ஆளுயர வயலின் போல நிமிர்ந்து நிற்கும் அந்த வாத்தியம் நம் மேடைகளில் அபூர்வம். பழைய சென்னைத் திரையிசைக் குழுக்களில் அதன் ஒலியை நாம் நிறையவே கேட்டிருக்கிறோம். அதன் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. நம் வெக்கையில் அந்த அலையின் நீளம் எட்டரை மீற்றர். அந்த அலைக்கு வாத்தியத்தின் உடலே போதாது. வயலினின் அளவுகளைச் சுருதிக்கேற்பப் பெருக்கிக்கொண்டு போனால் டபிள் பேஸ் தூக்கவே முடியாத பருமனுக்கு வந்திருக்கும்; அதனால் கையாளக்கூடிய அளவில் நிறுத்திவிட்டார்கள். விளைவு, அடித்தந்தியின் அடிச்சுருதியை வாத்தியமே மெலிவாகத்தான் தருகிறது. கேட்கிறவர் உணரும் ஆழத்தின் பெரும்பகுதி 80, 120 ஹெர்ட்ஸ் கிளைகளிலிருந்து காது கட்டிக்கொண்டது. வாத்தியமே தராத ஒன்றைப் பெட்டி ஏன் தர வேண்டும்?

1946 அளவில் எவரெட் ஹல் என்ற அமெரிக்க வாத்தியக்காரர் டபிள் பேஸ் நிலத்தில் ஊன்றும் முளைக்குள்ளேயே ஒரு மைக்கைப் பொருத்தினார். ‘ஒலிபெருக்கிய முளை’ என்ற பொருளில் பிறந்ததே அம்பெக் என்ற பெயர். அந்த நிறுவனம் 1960இல் கொண்டுவந்த பி-15 என்ற பெட்டியில் ஒரு பதினைந்து அங்குல ஸ்பீக்கர், சுமார் 25 வாட். அதற்குப் பிறகு அந்த உலகம் போன திசை பெரிதாக்குவது அல்ல. எழுபதுகளில் ஜாஸ்காரர்கள் பொலிடோன் என்ற கையடக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். பிறகு பன்னிரண்டு அங்குலம், பத்து அங்குலம் என்று சுருங்கி, ஐந்து அங்குல ஸ்பீக்கர்களை அடுக்கிச் செய்த பெட்டிகள்வரை வந்துவிட்டது. ஆளுயரப் பெட்டியோடு போனவர்கள் மின்கிட்டார் பேஸ்காரர்கள்; லியோ ஃபென்டர் 1951இல் கொண்டுவந்த அந்த வாத்தியத்துக்கு அதிரும் உடல் கிடையாது. அதிரும் உடல் உள்ள வாத்தியத்துக்குப் பெரிய பெட்டி பகை. பெட்டியின் ஒலி திரும்பி வந்து வாத்தியத்தின் உடலை அதிரவைக்கும், அந்த அதிர்வை மைக் மீண்டும் பெட்டிக்கு அனுப்பும், கடைசியில் ஊளை. மிருதங்கமும் உள்ளே குடைந்த பலாமரம்தான். இந்த வகையில் அது டபிள் பேஸின் உறவு, மின்கிட்டாரின் உறவு அல்ல.

சின்னப் பெட்டிக்கு விலை இல்லாமல் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பீக்கர் துறையில் ‘ஹொஃப்மனின் இரும்பு விதி’ என்று ஒன்றுண்டு. பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், ஆழமாகப் போக வேண்டும், குறைந்த மின்சாரத்தில் உரக்க ஒலிக்க வேண்டும் என்ற மூன்று ஆசைகளில் இரண்டைத்தான் பெறலாம். ஒரே உரத்தில் ஸ்தாயி ஒன்று கீழே இறங்க, ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் அசைய வேண்டும். பத்து அங்குலக் கூம்பு 40 ஹெர்ட்ஸில் மண்டபத்தை நிரப்பப் பார்த்தால் கிழிந்தே போகும். ஆனால் மூன்றில் எதைக் கைவிடலாம் என்று நமக்கு இப்போது தெரியும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மிருதங்கத்துக்கு வேலையே இல்லை. அங்கே கிடப்பது மேடையில் கால்படும் ஓசை, மின்விசிறிக் காற்று, மைக் தண்டில் கை பட்ட அதிர்ச்சி. அந்தப் பகுதியை மிக்சரிலேயே வெட்டிவிட்டால் சின்னக் கூம்பின் பாரம் ஒரேயடியாக இறங்கி, மிச்சப் பகுதியில் அது உரக்கவும் சுத்தமாகவும் பேசும். ஒரு எச்சரிக்கை: மிக்சரில் இருக்கும் ‘லோ கட்’ பொத்தான் பலவற்றில் 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஓர் இடத்தில் நிலையாக வெட்டும்படி வைக்கப்பட்டிருக்கும். பாட்டுக்கும் வயலினுக்கும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தலாம். தொப்பி மைக்குக்கு அழுத்தினால் தொப்பியையே வெட்டிவிடும். வெட்டும் இடத்தை நகர்த்தக்கூடிய வசதி வேண்டும். அதற்குக் கொடுக்கும் காசு இரண்டாவது பெட்டிக்குக் கொடுக்கும் காசைவிடப் பயன் தரும்.

உரம் போதுமா என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். நல்ல பத்து அங்குல ஸ்பீக்கர் ஒரு வாட் மின்சாரத்தில் ஒரு மீற்றர் தூரத்தில் 94 டெசிபெல் அளவு தரும் என்று வைப்போம். வாட் இரட்டித்தால் 3 டெசிபெல் கூடும். 64 வாட் என்றால் ஆறு தடவை இரட்டிப்பு, ஆக 112. தூரம் இரட்டித்தால் திறந்த வெளியில் 6 டெசிபெல் குறையும். எட்டு மீற்றர் என்றால் மூன்று தடவை இரட்டிப்பு, ஆக 94. சாதாரணப் பேச்சு ஒரு மீற்றரில் 60 டெசிபெல் அளவு. மண்டபத்துக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் குறைவு இன்னும் சிறிது. அடிக்குரல் பகுதியில் ஸ்பீக்கரின் திறன் பெட்டியில் அச்சிட்டதைவிடக் குறைவாக இருக்கும் என்பதற்காக இதில் பத்து டெசிபெல்லைக் கழித்தாலும், மிருதங்கத்தின் சொந்த ஒலியோடு சேர்த்து வேண்டியதற்கு மேலேயே நிற்கிறது. இந்தக் கணக்கில் ஏமாறும் இடம் வாட் இலக்கம். சந்தையில் பெட்டியின் நெற்றியில் ஆயிரம், இரண்டாயிரம் என்று ஒட்டியிருக்கும் ‘பிஎம்பிஓ’ வாட் ஒரு கண நேர உச்சத்தின் கற்பனைக் கணக்கு. கேட்க வேண்டியது ‘ஆர்எம்எஸ்’ வாட். அதைவிட முக்கியமாக, ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபெல் என்ற இலக்கம். 91 டெசிபெல் பெட்டிக்கு 200 வாட் கொடுப்பதும் 97 டெசிபெல் பெட்டிக்கு 50 வாட் கொடுப்பதும் ஒன்றுதான். ‘40 ஹெர்ட்ஸ் முதல்’ என்று போட்டிருந்தால் அது எத்தனை டெசிபெல் சரிந்த இடம் என்றும் பார்க்க வேண்டும். பத்து டெசிபெல் சரிந்த இடத்தைப் பெருமையோடு அச்சிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி மண்டபம். யாழ் நகரின் வீரசிங்கம் மண்டபமும், 2023இல் திறக்கப்பட்டு இப்போது திருவள்ளுவர் பெயரைத் தாங்கி நிற்கும் கலாசார நிலையத்தின் 600 ஆசன அரங்கும் ஒரு வகை. அதற்குப் புறம்பாக நாம் இசை கேட்கும் இடங்கள் கோயில் மடங்களும் கலியாண மண்டபங்களும் பாடசாலை மண்டபங்களும். சீமெந்துச் சுவர், வழுவழுப்பான தரை, தகரமோ சீற்றோ வேய்ந்த கூரை, பிளாஸ்டிக் கதிரை. இவற்றில் ஒலியை உறிஞ்சும் பொருள் என்று பார்த்தால் வந்திருக்கும் சனங்கள்தான், அவர்களின் சேலையும் வேட்டியும்தான். துணியும் உடம்பும் உறிஞ்சுவது மேல் ஒலிகளை. நூறு ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீற்றர், அதற்கு ஒரு சேலை எம்மாத்திரம்? ஆகவே அடிக்குரல் மண்டபத்துக்குள் நெடுநேரம் சுற்றிக்கொண்டே நிற்கும். சபை நிறைய நிறைய மேல் ஒலி குறைந்து அடிக்குரல் மட்டும் மிஞ்சும். மாலையில் வெறும் மண்டபத்தில் சரிபார்த்த சமநிலை இரவில் தானாகவே குலையும். இப்படிப்பட்ட இடத்துக்குள் மேலும் அடிக்குரலைக் கொட்டுவது பிழை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. போதாக்குறைக்கு நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நில இணைப்புச் சரியில்லாத இடத்தில் எழும் ‘உம்ம்’ 50இலும் 100இலும் உட்காருகிறது. நூறு என்பது தொப்பியின் வீடு. பதினெட்டு அங்குலப் பெட்டி அந்த ‘உம்’மையும் பக்தியோடு பெருக்கித் தரும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பது எந்தப் பெட்டி என்பதற்குச் சற்றும் குறைந்த கேள்வி அல்ல. கச்சேரி மைக்குகள் பெரும்பாலும் ஒருதிசை மைக்குகள். அவற்றுக்கு ஒரு குணம் உண்டு: ஒலிக்கு மிக அருகில் வைத்தால் அடிக்குரலைத் தாமாகவே கூட்டிக் காட்டும். தொப்பிக்கு இரண்டு விரல் தூரத்தில் மைக்கை வைத்துவிட்டு, அதன்பின் மிக்சரிலும் பேஸைக் கூட்டி, பெரிய பெட்டிக்கும் அனுப்பினால், ஒரே பண்டத்தை மூன்று தடவை கொடுத்ததாகிறது. ஒரு சாண் விலக்கி வைத்தால் பாதி நோய் தீரும். இந்த மைக்குகளின் முதுகுப்பக்கம் செவிடு. பெட்டியை அந்தத் திசையில் வைக்க வேண்டும் என்பது பாடம். ஆனால் வலந்தலை மைக் ஒரு பக்கம், தொப்பி மைக் மறுபக்கம், பாடகரின் மைக் வேறொரு பக்கம் பார்க்கிற மேடையில் எல்லா மைக்கும் முதுகு காட்டும் இடம் கிடையாது. அதனால்தான் ஒரே பெரிய பெட்டிக்குப் பதிலாக, மிருதங்கக்காரருக்கு அருகில் மெல்லிய அளவில் பேசும் சின்னப் பெட்டி நல்லது என்கிறேன். தூரம் குறைவதால் குறைந்த உரமே போதும்; குறைந்த உரம் என்பதால் மற்ற மைக்குகளுக்குள் கசிவும் குறைவு. மேடை என்பது வாங்குகளை அடுக்கி மேலே பலகையும் பாயும் விரித்ததாக இருந்தால், பெட்டியைப் பலகையில் வைக்கவே கூடாது. மேடை முழுவதும் ஒரு தவிலாகிவிடும், மைக் தண்டுகள் வழியே அந்த அதிர்வு திரும்பி ஏறும். மேடைக்குக் கீழே நிலத்தில் ஊன்றிய ஒரு கதிரை, அதன் மேல் தடித்த ரப்பர் துண்டு, அதன் மேல் பெட்டி. அதுவும் சுவர் மூலையிலிருந்து விலக்கி. மூலைக்குள் தள்ளிய பெட்டிக்கு இரண்டு பக்கச் சுவரும் தரையும் சேர்ந்து அடிக்குரலை இலவசமாகக் கூட்டிக் கொடுக்கும்.

‘கோயில் வீதியில் ஆயிரம் பேருக்கு வாசிக்கும்போது இந்தச் சின்னப் பெட்டி என்ன செய்யும்?’ என்பது பலமான ஆட்சேபம். ஒன்றும் செய்யாது. திறந்த வெளியில் ஒலியைத் திருப்பித் தரச் சுவர் இல்லை, தூரம் ஒவ்வொரு தடவை இரட்டிக்கும்போதும் 6 டெசிபெல் போய்க்கொண்டே இருக்கும். அங்கே பெரிய ஏற்பாடு வேண்டும். ஆனால் அங்கேயும் மேடைக்கு இரு பக்கமும் குவிப்பதைவிட, கூட்டத்துக்கு நடுவே நடுவே சின்னப் பெட்டிகளைப் பரப்புவது கேட்கிறவருக்கு நல்லது. வீதிக்கென்றே பிறந்த வாத்தியம் தவில். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இல் மறையும்வரை வாசித்த அந்தத் தவிலைக் கோயில் வீதியில் கேட்டவர்களுக்கு அடிக்குரல் போதவில்லை என்ற குறை இருந்திருக்க முடியாது. மெல்லிசைக் குழுவுக்கும் என் வாதம் செல்லாது. மின்கிட்டார் பேஸும் மின்னணு முரசும் ஸ்பீக்கரில்தான் பிறக்கின்றன. அவற்றுக்கு இயற்கையான ஒலி என்று வேறொன்று மேடையில் இல்லை, அதனால் பெட்டி ஆழமாகத்தான் போக வேண்டும். சிக்கல், அந்தக் குழுவுக்காக வாடகைக்கு எடுத்த அதே அடுக்கை, அதே மிக்சர் அமைப்போடு, மறுநாள் மிருதங்கத்துக்கும் திறந்துவிடுவது.

‘சனங்களுக்கு இப்போது நெஞ்சில் இடிக்கிற ஒலிதான் பிடிக்கிறது’ என்றும் சொல்வார்கள். கார்களிலும் திரையரங்கிலும் பழகிய காது அதைக் கேட்கும்தான். ஆனால் நெஞ்சில் இடிக்கும் அந்த அலை சபையோடு நிற்பதில்லை. மேல் ஒலிகள் முதற் சுவரிலேயே தங்கிவிடும். தாழ்ந்த ஒலி சுவரைக் கடந்து அயல் வளவுக்குள் போய், அங்கே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் மேசையில் நிற்கும். அந்த வீட்டுக்குக் கேட்பது பாட்டல்ல, வெறும் இடி. வெலிகம சம்பந்தமான வழக்கொன்றில் 2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தது. சட்டம் நேரத்தைத்தான் பார்க்கிறது. அயலவரின் பொறுமையோ, என் கணிப்பில், பெரும்பாலும் அடிக்குரலைத்தான் பார்க்கிறது.

காசு விஷயம் இன்னும் நேரடியானது. 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு மேலே ஏறிய பிறகு, இறக்குமதிப் பெட்டி ஒன்று வாங்குவது சின்ன முடிவல்ல. நியோடிமியம் காந்தமும் ‘கிளாஸ் டி’ அம்பிளிபயரும் வந்ததால் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குள் நல்ல பெட்டி இன்று கிடைக்கிறது. ஓட்டோவில் மிருதங்கத்தோடு வைத்துக்கொண்டு போகலாம். அந்த விலைக்கு முடியாதவர்களுக்கு, நல்ல ஸ்பீக்கரை மட்டும் வாங்கிப் பெட்டியைத் தச்சரிடம் அடிப்பிக்கும் வழி இருக்கிறது. அப்படியானால் மூடிய பெட்டியே செய்விக்க வேண்டும். முப்பது நாற்பது லீற்றர் உள்ளளவு, அரைக்கால் அங்குலப் பலகை அல்ல முக்கால் அங்குல ஒட்டுப்பலகை, உள்ளே குறுக்குச் சட்டம், மூட்டுகளில் காற்றுப் புகாத ஒட்டு. உள்ளளவில் கொஞ்சம் கூடக்குறைய வந்தாலும் மூடிய பெட்டி மன்னித்துவிடும். ஓட்டைப் பெட்டியில் குழாயின் நீளம் பிழைத்தால் மன்னிப்பே இல்லை. காசு கொடுத்துக் குடம் வாங்கியதாகிவிடும்.

வாங்கும் முன் பரிசோதிக்கக் கடைக்காரர் போடும் சினிமாப் பாட்டு உதவாது. கைத்தொலைபேசியில் சுருதியை நகர்த்தும் செயலி ஒன்றை இறக்கி, 200 ஹெர்ட்ஸில் தொடங்கி 50 வரை மெதுவாக இறக்கிக்கொண்டு வாருங்கள். ஒலி படிப்படியாகத் தேய வேண்டும். நடுவில் எங்காவது கடைக் கண்ணாடி அதிரும்படி வீங்கி, அதைத் தாண்டியதும் சுருங்கினால், அந்த இலக்கம்தான் அந்தப் பெட்டியின் சுருதி. அது 80க்கும் 120க்கும் இடையில் விழுந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அடுத்ததாக, நெருக்கமாகப் பதிவுசெய்த ஒரு தனி ஆவர்த்தனம். கும்கி ஏறி இறங்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். உள்ளங்கை தோலில் உரசும் சன்னமான சத்தமும் சுருதியோடு சேர்ந்து நகர்கிறதா, அல்லது உரசல் ஒரு பக்கமும் முழக்கம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கிறதா என்று. கடைசியாகப் பெட்டியை நிலத்திலிருந்து கதிரைக்கு ஏற்றி அதே இடத்தை மீண்டும் ஓடவிடச் சொல்லுங்கள். இரண்டு தடவையும் ஏறத்தாழ ஒரே மாதிரிக் கேட்டால் விலை பேசத் தொடங்கலாம்.